எருமைப்புல் மூடிய இடம்

மெட்டே இரும்புக் கம்பியும் கையுமாகப் புல்வெளியில் இறங்கி அன்றோடு முப்பத்தொன்பது நாள். பசுவுக்குத் தண்ணீர் காட்டியதும் கிளம்பிவிடுவாள். ஒரு குத்து, இரண்டடி தள்ளி இன்னொரு குத்து. கம்பி எங்கேயாவது லேசாக இறங்கிவிட்டால் அங்கேயே மண்டி போட்டுத் தோண்டுவாள். இதுவரை தோண்டிய இடத்தில் எல்லாம் எலி வளைதான். முழங்காலில் தோல் தடித்துப்போயிருந்தது. அவள் புருஷன் தோர்வல்ட் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போடுகிற சாக்கில், விந்தி விந்தி நடந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். கிட்டே போகத் தைரியம் இல்லை.

அவள் தேடியது மகளின் குழியை. இங்கர் தொண்டை அடைப்பான் வந்து செத்தபோது அவளுக்கு நாலு வயது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே நிலத்தில்தான் புதைத்தார்கள். எந்த இடம் என்பது இப்போது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பெற்ற பிள்ளையைப் புதைத்த இடத்தை யாராவது தொலைப்பார்களா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஒரு நாள் நெப்ராஸ்காவுக்கு வந்து, எங்கள் குடியிருப்பின் நடுவில் நின்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும். மரம் இல்லை, பாறை இல்லை, மேடு என்று சொல்ல ஒரு மேடு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எருமைப்புல். சாண் உயரம்கூட வராத அற்பப் புல். டென்மார்க்கிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரத்தில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் எங்களில் கிடையாது. மழை பொய்த்த இரண்டு வருடம் அந்தச் சிரிப்பை அடக்கியது. மக்காச்சோளம் நின்ற நிலையிலேயே கருகிற்று. உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு மேல் திரளவில்லை. புல் மட்டும் செத்ததுபோல் வெளுத்துக் கிடந்து, ஒரு தூறல் விழுந்த மூன்றாம் நாள் பச்சை காட்டியது. யாரும் அறுத்துப் போர் போடாமலே நின்ற இடத்தில் உலர்ந்து தீவனமாகி, பனிக்காலத்தில் பனியைக் காலால் கிளறிய மாட்டுக்கு வயிற்றை நிரப்பியது. நாங்கள் குடியிருந்ததும் அதற்குள்ளேதான். வேர்ப்பின்னல் மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கும். அதைக் கட்டி கட்டியாக வெட்டி, புல் கீழே வேர் மேலே வரும்படி கவிழ்த்து அடுக்கினால் சுவர். அந்தச் சுவருக்குள் குளிரும் அண்டாது, காற்றும் புகாது.

கட்டி வெட்டுவதில் தோர்வல்டை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்திரண்டு வீட்டில் பதினேழு அவன் கலப்பையில் பிறந்தவை. அந்தக் கைத்திறமைதான் அவனைக் கெடுத்தது. மகளைப் புதைத்த அன்று, குழியிலிருந்து எடுத்து வைத்த புல்கட்டிகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இணைப்பே தெரியாமல் திரும்பப் பதித்தான். ஒரு மாதம் ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினான். நரி மோப்பம் பிடித்துத் தோண்டிவிடக் கூடாதே என்ற பயம். அடுத்த கோடைக்குள் புல் கொடி விட்டு ஓடி, குழி இருந்த சுவடே இல்லாமல் மூடிவிட்டது. அடையாளம் என்று இருந்தது ஒரு மரச்சிலுவை. நாலாம் வருடம் அக்டோபரில் வந்த காட்டுத்தீ அதையும் தின்றுவிட்டுப் போயிற்று. வசந்தத்தில் புல் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தது.

அப்போதும் தோர்வல்ட் கலங்கவில்லை. ஓடைக்கரையில் அவர்கள் முதலில் குடைந்து வாழ்ந்த பொந்து வீட்டின் வாசலிலிருந்து நேர் வடக்கே நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. புதைத்த அன்றே எண்ணி வைத்தது. தீ அணைந்த பிறகு மறுபடி எண்ணிக்கொண்டு போய், நாலு முளை அடித்துக் கயிறு கட்டினான்.

"இது இல்ல, தோர்வல்ட். இன்னும் தள்ளித்தான்," என்றாள் மெட்டே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அங்க உக்காந்தா ஓடை வளைவு கண்ணுக்குப் படாது. இங்கேருந்து படுது பாரு."

"ஓடையை வெச்சு அளக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். என் கால் கணக்கு தப்பாதும்மா."

ஊர் முழுக்க அவன் கால் கணக்கை நம்பித்தான் வேலி போட்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த முளைகளுக்கு அப்பால் கிடந்த கொழுத்த புல்லைத்தான், கடைசியாக நல்ல மழை பெய்த வசந்தத்தில், கோயில் கட்டுவதற்கென்று அவன் வெட்டினான். இருப்பதிலேயே நல்ல கட்டி கோயிலுக்குப் போகட்டும் என்ற எண்ணம். வெட்டி எடுத்த வெறும் தரையில் சோளம் போட்டான்.

இந்தக் கோடையில் முளைகளுக்கு நடுவே தோண்டிப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் அகலப்படுத்தித் தோண்டினார்கள். யாரும் தொடாத கெட்டி மண். அன்றைக்கு மெட்டே எடுத்த கம்பிதான். புல் நின்ற இடத்தையே குத்தினாள், ஏர் ஓடிய சோளக்கொல்லைக்கு அடியில் குழி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவசரம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை போதகர் வருகிறார். கோயிலை ஒட்டிய கல்லறை நிலத்தை ஆசீர்வதிப்பார். அவரவர் நிலத்தில் தனித்தனியே புதைத்த பிள்ளைகளை எல்லாம் எடுத்து வந்து அன்றே அங்கே அடக்கம் செய்வதென்று ஊர் முடிவு. மறுநாள் திங்கட்கிழமை எங்கள் ஊர் ராஸ்முஸின் வண்டிகள் மேற்கே ஆரெகனுக்குக் கிளம்புகின்றன. தோர்வல்டும் அவற்றோடு போகிறான். இரண்டு எருதில் ஒன்று செத்துவிட்டது, நிலத்தைக் கைவிட்டாயிற்று. அடுத்து வருகிறவன் எவனோ, வந்த கையோடு ஏர் கட்டிவிடுவான். மெட்டே தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"என் பிள்ளை மனுஷங்க நடுவுல, கோயில் பக்கத்துல படுக்கட்டும். அப்புறம் நீ எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வர்றேன். அவளை இந்தப் புல்லுக்கடியில எங்கேயோ விட்டுட்டு மட்டும் வர மாட்டேன்."

வியாழக்கிழமை தோர்வல்டும் ராஸ்முஸும் கோயிலுக்குள் சுவரைச் சீவிக்கொண்டிருந்தார்கள். புல்கட்டிச் சுவர் ஒரு வருடம் அமர்ந்து இறுக வேண்டும். அதற்குப் பிறகுதான் கூரான மண்வாரியால் உட்புறத்தைச் சீவிச் சமன் செய்து சுண்ணாம்பு பூசலாம்.

"என்னப்பா, கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ற மாதிரி தடவிக்கிட்டே இருக்க?" என்றான் ராஸ்முஸ்.

"உன் பக்கம் பன்றிக்குச் சவரம் பண்ணின மாதிரி இருக்கு. அதுக்கு இது தேவலாம்."

"பிரசங்கத்துல தூங்குறவன் சாயத்தானே போறான். அவனுக்கு இது போதும்."

தோர்வல்ட் சிரித்தான். பல நாள் கழித்து வந்த சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே தெற்குச் சுவரின் மூன்றாவது வரிசையில் மண்வாரியை இழுத்தான். கீச்சென்று உரசியது. விரலால் நோண்டினான். கவிழ்ந்து கிடந்த வேருக்குள்ளிருந்து நீலப் பூப் போட்ட பீங்கான் துண்டு ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அது மெட்டேயின் தாய் கொடுத்தனுப்பிய தட்டு. காய்ச்சல் காண்பதற்கு ஒரு வாரம் முன்னால் இங்கர் மேசைமேல் ஏறி அதைக் கீழே தள்ளி உடைத்துவிட்டாள். மெட்டே கோபத்தில் முதுகில் இரண்டு வைத்தாள். குழியை மூடும்போது அந்தத் துண்டுகளைக் கொண்டுவந்து தலைமாட்டுப் புல்லின் வேருக்குள் செருகி, "இனிமே அடிக்க மாட்டேன்டி, எந்திரிடி" என்று அலறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்ததே ராஸ்முஸ்தான்.

இப்போதும் ராஸ்முஸ்தான் எட்டிப் பார்த்தான்.

"தோர்வல்ட்... இது அந்தத் தட்டு."

"வெளிய சொல்லாத," என்றான் தோர்வல்ட். மண்வாரியைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனான்.

எந்த வரிசை எந்த நாள் வெட்டியது என்று அவனுக்கு நினைவிருந்தது. நாளுக்கு ஒரு வரிசை. மூன்றாம் நாள் முற்பகல், கலப்பைக் கொழு எதிலோ கீச்சிட்டதும் நினைவுக்கு வந்தது. இந்த மண்ணில் கல் ஏது என்று ஒரு கணம் நின்றான். பிறகு எருதை அதட்டி ஓட்டினான். வண்டித் தடத்தின் திருப்பத்துக்கு நேராக. அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காட்ட முடியும். கருகிய சோளத்தட்டைகள் நின்றன.

அவன் ஓடைக்கரைக்குப் போய் பொந்து வீட்டு வாசலில் நின்று எண்ணிக்கொண்டு நடந்தான். நானூற்றுப் பன்னிரண்டில் சரியாகப் பழைய முளைகளுக்கு வந்து சேர்ந்தான். மேலே நடந்தான். சோளத்தட்டை நிற்கிற இடத்துக்கு இன்னும் எழுபது தப்படி இருந்தது. அங்கே நின்று தன் இடது காலைப் பார்த்தான். தீ வருவதற்கு முந்தின குளிர்காலத்தில் வண்டி ஏறி முறிந்த கால். கட்டுப் போட்டுக் கூடியபோது குட்டையாகக் கூடியது. அதற்குப் பிறகு அவன் வைத்த ஒவ்வொரு தப்படியும் பழைய தப்படியைவிடச் சின்னது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவன் நொண்டி என்று. அவனுக்கு மட்டும் எண்ணும்போது அது தோன்றவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு யோசனை வந்தது. யாருக்கும் தெரியாமல் பெட்டியை எடுத்துப் புல்லுக்குள் எங்கேயாவது வைத்துவிட்டு, அவள் கம்பியே கண்டுபிடிக்கும்படி செய்துவிடலாம். திங்கட்கிழமை இரண்டு பேரும் வண்டியேறலாம். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே ஒரு தரம் அவளுக்குப் பொய்யான இடத்தைக் காட்டியாயிற்று. இரண்டாம் தரம் காட்ட அவனால் ஆகவில்லை.

அவள் வடகிழக்கு மூலையில் குத்திக்கொண்டிருந்தாள்.

"மெட்டே, நிறுத்து."

"ஏன்? காப்பி வேணுமா? அடுப்புமேல பார்லி வறுத்து வெச்சிருக்கேன், போட்டுக்க."

அவன் கையை விரித்தான். அவள் துண்டுகளைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்ததை அவன் பார்த்தான். அதைப் பார்த்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா! எங்க? எங்க இருந்துச்சு?"

"கோயில்ல. தெக்குச் செவுத்துல."

"செவுத்துலயா? செவுத்துல எப்படி..." கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஆமா," என்றான். "நான்தான் வெட்டினேன். என் கால் குட்டையாயிட்டுது, மெட்டே. எண்ணுறப்ப அதை யோசிக்கல."

"இன்னும் தள்ளித்தான்னு சொன்னேன்."

"சொன்ன."

"ஓடை தெரியக் கூடாதுன்னு சொன்னேன்."

"சொன்ன."

அவள் துண்டுகளை வாங்கிப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அதுமேல சோளம் போட்ட," என்றாள். "முதல் வருஷம் நாலு மூட்டை வந்துச்சே, அதை நான் அரைச்சு ரொட்டி சுட்டேன். நீயும் தின்ன, நானும் தின்னேன். இனிப்பா இருக்குன்னு வேற சொன்னேன்."

தோர்வல்ட் அவள் தோளைத் தொடப் போனான். அவள் விலகவில்லை. ஆனால் அவன் கைக்குத்தான் அங்கே இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை தோண்டினார்கள். அரை ஆள் ஆழத்தில் மண் இரண்டு நிறமாக வந்தது. கீழே இருந்தது பழைய வண்டிப் பலகையில் செய்த பெட்டி. மூடி உளுத்துவிட்டிருந்தது, பக்கங்கள் பரவாயில்லை. தோர்வல்ட் குழிக்குள் இறங்கப் போனபோது மெட்டே, "நீ தொடாத," என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டு விதவை ஓலினா அவளோடு இறங்கினாள். இரண்டு பெண்களும் மெத்தைவிரிப்பில் பெட்டியைச் சுற்றித் தூக்கினார்கள். தோர்வல்ட் மேலே நின்றபடி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். தன் பிள்ளையைத் தூக்க உரிமை இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு சின்னப் பெட்டிகள் வந்திருந்தன. போதகர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜெபித்தார். குழிகளை மூடியதும் தோர்வல்ட் தான் விடியலில் வெட்டிக் கொண்டுவந்த ஈரக் கட்டிகளை எடுத்து ஒவ்வொரு குழிமேலும் பதித்தான். ஊர் அவனிடம் கேட்டுக்கொண்ட வேலை அது. ஆறு குழி முடித்து ஏழாவதுக்கு வந்தபோது மெட்டே நடுவில் வந்து நின்றாள்.

"இதுக்குப் புல்லு வேணாம்."

போதகர் மெல்லச் சொன்னார். "அம்மா, வெறும் மண்ணா விட்டா நரி கிளறும். காத்து அடிச்சா மண்ணு பறந்துடும்."

"கிளறாது, ஐயா. நான் இருக்கேன்ல."

"நீங்க நாளைக்கு வண்டியேறுறீங்கன்னு சொன்னாங்களே."

அவள் குனிந்து குழிமேல் கிடந்த மண்ணைக் கையால் அமர்த்தினாள். தோர்வல்ட் கையில் கட்டியோடு நின்றான். ராஸ்முஸ்தான் வந்து அதை வாங்கிக் கீழே வைத்தான்.

அன்று மாலையே அவள் தன் படுக்கையையும் பாத்திரத்தையும் ஓலினா வீட்டுக்குக் கொண்டுபோனாள். தோர்வல்ட் தடுக்கவில்லை. பாதிக் கூரை சரிந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து மறுநாளைக்கு மூட்டை கட்டினான். அவளுடைய குளிர்ச் சட்டையை மடித்து வண்டியில் வைத்தான், பிறகு வெளியே எடுத்தான். மனம் மாறுவாள் என்று நம்பினான். இருபது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்காதா.

திங்கட்கிழமை காலையில் அவன் கல்லறைக்குப் போனபோது அவள் குழிக்கருகில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் குழிகளில் அவன் பதித்த புல் ஓரத்திலிருந்து நூல்போல் ஒரு கொடி வெளியே நீட்டியிருந்தது. அவள் அதைக் கிள்ளி எறிந்தாள்.

"ராஸ்முஸ் காத்திருக்கான்," என்றான்.

"ரொட்டி சுட்டு வெச்சிருக்கேன். மூணு நாளைக்கு வரும். எடுத்துட்டுப் போ."

"மெட்டே, பிள்ளை கோயில் பக்கத்துல படுத்துட்டா. வர்றேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அப்ப வா. ஓலினாகிட்ட சொன்னா இதைப் பார்த்துக்க மாட்டாளா?"

"பார்த்துப்பா. ரெண்டு மாசம் பார்த்துப்பா. அப்புறம் முதுகு வலிக்கும். இந்தப் புல்லுக்கு முதுகு வலிக்காது, தோர்வல்ட்."

"நான் இருந்துடறேன். போகல."

"எதைத் தின்னு இருப்ப? ஓலினா வீட்டுல ஒரு வாய்க்குத்தான் இடம் இருக்கு."

"உனக்கு என்மேல கோபம். அது நியாயம்தான். அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

மெட்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை. கண்ணில் தண்ணீர் நிரம்பி வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

"உன்மேல கோபம் இருந்தா தேவலாம். உன்கூட வந்து, வழி நெடுக உன்னைத் திட்டி, ஒரு நாள் ஆறியிருப்பேன். எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, தோர்வல்ட். அவ எங்க இருக்கான்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு. நீ சொன்னன்னு, என் கண்ணால பார்த்ததை விட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். பெத்தவ நான். இப்ப மறுபடியும் நீ வான்னு சொல்ற. மறுபடியும் உன் பேச்சைக் கேட்டு இவளை விட்டுட்டு வரச் சொல்ற."

தோர்வல்டால் கேட்க முடிந்தது மன்னிப்பு ஒன்றுதான். அவள் மன்னிக்க வேண்டியது அவனை அல்ல என்று ஆன பிறகு அதற்கும் அர்த்தமில்லை. குனிந்து அவள் தலையில் கை வைத்தான். அவள் அந்தக் கையை எடுத்து ஒரு கணம் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

ராஸ்முஸ் இரண்டாம் முறை கூப்பிட்டான். தோர்வல்ட் ரொட்டி மூட்டையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். கண்ணுக்கு எட்டும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான் என்று ராஸ்முஸ் பிறகு எங்களுக்கு எழுதினான். அவள் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அவன் குதித்து இறங்கியிருப்பான். அது அவளுக்கும் தெரியும்.